மேஜை மேல் மதுரைப் போர்!

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி சதுரங்கப் பலகை, கேரம் பலகை, லூடோ போன்ற விளையாட்டுப் பொருள்களின் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கார் விலையும் டி.வி. விலையும் குறைந்ததைப் பேசியவர்கள் இந்தச் சின்னச் செய்தியைக் கவனிக்கவில்லை. ஆனால் அச்சுத் தொழிலுக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டம் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

விருதுநகரில் இருந்து காரியாபட்டி போகும் வழியில் இருக்கிறது மல்லாங்கிணறு. இதுபோன்ற ஊர்களில் திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் கரிக்கட்டியால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடியது பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். புலி 3, ஆடு 15. புலி தாண்டினால் ஆடு போச்சு! ஆனால் ஆடுகள் ஒன்றுகூடி வழியை மறித்துவிட்டால் புலி அசைய முடியாது. இதுவும் யுத்தம்தானே?

யுத்தத்தைக் கட்டத்துக்குள் அடக்குவது நமக்குப் புதிது அல்ல. இதே மாவட்டத்தில் வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம் ஆயிற்று. அந்த ஆட்டத்தில் சென்னை இளைஞர் குகேஷ் 2024 டிசம்பரில், தமது 18-வது வயதில் உலக சாம்பியன் ஆனார்.

பிள்ளையே தளபதி!

சதுரங்கத்தில் காய்க்குப் பேச்சு இல்லை. வெளிநாடுகளில் இப்போது பரவியுள்ள ஒரு விளையாட்டில் காயே பேசும்!

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் வில்லாளி. ஒருவர் குதிரை வீரர். இன்னொருவர் மருத்துவச்சி. ஆளுக்கு ஒரு வேடம். மற்றொருவர் கதையை நடத்துகிறார்.

"எதிரே கோட்டை. அகழி நிறையத் தண்ணீர். இருட்டிவிட்டது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்.

"நீந்திப் போகிறேன்" என்கிறான் ஒருவன். பகடையை உருட்டுகிறான். நல்ல எண் விழுந்தால் கரை ஏறலாம். இல்லாவிட்டால் காவலாளி கையில் அகப்பட வேண்டியதுதான்.

இதற்கு மூலம் ராணுவப் பயிற்சி. 1824-ம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், தேசப்படத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி அதிகாரிகள் போர் பழகுவதற்கு ஒரு விளையாட்டைச் சீர்படுத்தினார். அதில் நடுவர் ஒருவர் உண்டு. நடுவர் நாளடைவில் கதை நடத்துபவர் ஆனார். 1971-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெப் பெர்ரன் என்ற இருவர் இடைக்கால ஐரோப்பியப் போர்களை வைத்து ஒரு விதிப் புத்தகம் எழுதினார்கள். பிறகு கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்பவருடன் சேர்ந்து 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள்தான். இன்று அதை அறியாத நாடு குறைவு.

நம் ஊர் நகரங்களிலும் கல்லூரி மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். ஆனால் கோட்டை அவர்கள் கோட்டை. கவசம் அவர்கள் கவசம். நம்மிடம் சரக்கு இல்லையா?

இரண்டு பேருக்கும் வெற்றி!

ஏராளமாக இருக்கிறது. 1170-ம் ஆண்டை ஒட்டி மதுரையில் நடந்த வாரிசுச் சண்டை ஒன்றே போதும்.

பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் மதுரையில் முற்றுகை இட்டான். உள்ளே அகப்பட்ட பராக்கிரமன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருவதற்குள் மதுரை விழுந்தது. அரசன், அரசி, பிள்ளைகள் கொல்லப்பட்டனர். வீரபாண்டியன் என்ற மகன் மட்டும் தப்பினான். அவனுக்காக இலங்கைத் தளபதி லங்காபுரன் ராமேசுவரத்தில் படையோடு இறங்கினான். குலசேகரனோ சோழரிடம் ஓடினான். சோழர் படை தெற்கே வந்தது.

முடிவு என்ன? இலங்கையின் சூளவம்சம் என்ற நூல், லங்காபுரன் வென்றதாகச் சொல்கிறது. சோழர் கல்வெட்டோ, அவன் தலை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து வைக்கப்பட்டதாகச் சொல்கிறது! ஒரே யுத்தம், இரண்டு பேருக்கும் வெற்றி! விளையாட்டுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

வாள் எடுக்காதவருக்கும் இதில் வேடம் உண்டு. காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கம் கல்வெட்டைப் பாருங்கள். இலங்கைப் படை வருகிறது என்று அஞ்சிய சிற்றரசன் சம்புவராயன், ஞானசிவர் என்ற பெரியவரிடம் முறையிட்டான். அவர் 28 நாள் பூசை செய்தார். வெற்றிச் செய்தி வந்ததும் ஒரு கிராமமே அவருக்குத் தானமாகக் கிடைத்தது. சண்டை போட்ட சிப்பாய்க்கு என்ன கிடைத்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை!

சிவகாசிக்கு என்ன லாபம்?

ஆடிப்பெருக்கன்று புது ஆண்டு நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். மார்கழி வரை ஓயாத வேலை. தை பிறந்தால் அந்த வேலை வற்றிவிடும். விளையாட்டுப் பெட்டிக்கு வேண்டியது வண்ண அட்டை, விதிப் புத்தகம், தேசப்படம். மூன்றும் சிவகாசிக்குக் கைவந்த வேலை. இதில் வெடிமருந்து இல்லை. விபத்துப் பயமும் இல்லை. வரி குறைந்தது உதவிதான். ஆனால் வரி கதை எழுதாது. சரித்திரம் படித்தவரும் அச்சக முதலாளியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும்.

ஓர் அச்சமும் எழலாம். இலங்கை உள்நாட்டு யுத்தம் 2009-ல்தான் முடிந்தது. அந்தக் காயம் ஆறாத நேரத்தில், தமிழன், சிங்களவன் என்று பிள்ளைகள் மேஜையில் கட்சி பிரிந்து சண்டை போட வேண்டுமா? நியாயமான கேள்வி. விதிப் புத்தகம் எழுதுபவர் சோழர் கல்வெட்டை மட்டும் படித்து எழுதினால் அந்த ஆபத்து நிச்சயம் உண்டு. சூளவம்சத்தையும் படித்து, லங்காபுரன் வேடத்துக்கும் சம பலம் கொடுத்தால் கதை வேறு.

உண்மையில் அந்த யுத்தத்தில் கட்சிகள் நிலையாக நிற்கவே இல்லை. சோழர் தயவால் அரியணை ஏறிய குலசேகரன் பிற்பாடு இலங்கையோடு கைகோத்தான். கோபம் கொண்ட சோழர் அவனை விரட்டிவிட்டு வேறொருவனை மதுரையில் அமர்த்தினார்கள். அவன் யார் தெரியுமா? எவனுக்காக லங்காபுரன் கடல் தாண்டி வந்தானோ, அதே வீரபாண்டியன்!