ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் பட்டமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் ஊரில். நான்கு ஆண்டு படித்து பி.பார்ம் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பெங்களூர் வந்து, ஒரு மருத்துவமனையின் வார்டில் முதன்முதலாக நின்றபோதுதான் அந்தச் சுரைக்காய் நானே என்பது எனக்கு விளங்கிற்று.

அன்று கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வீடு திரும்ப இருந்தார். மூட்டுவாதம். அவர் பையில் இரண்டு வகை மாத்திரைகள். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே நாள் உண்ண வேண்டியது. மற்றொன்று அதன் கேட்டைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலம். இரண்டும் சிறியவை, நிறமும் ஏறக்குறைய ஒன்றே.

"ஐயா, இதை எப்படிச் சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தினம் காலையில ஒண்ணு தம்பி. அப்படித்தானே சொன்னாங்க?" என்றார்.

என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. வாரம் ஒரு முறை உண்ண வேண்டிய அந்த மருந்தை நாள்தோறும் உண்டால் வாய் புண்ணாகும்; இரத்த அணுக்கள் குறையும்; உயிரே போகவும் கூடும். உடனே மூத்த மருந்தாளுநரையும் மருத்துவரையும் அழைத்து வந்தேன். அவர்கள் சொன்னபடி அட்டையின் மேல் "ஞாயிறு மட்டும்" என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் மண்டியாவிலிருந்து வந்த ஓர் அம்மையார் இருந்தார். அவர் பையிலும் மாத்திரைகள் இருந்தன. அவரிடம் அதே கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கன்னடம் "ஊட்ட ஆய்த்தா" என்பதோடு முடிந்துவிட்டது. அவர் புன்னகை செய்தார். நானும் புன்னகை செய்துவிட்டு நகர்ந்தேன். அந்தப் புன்னகை இன்றும் என்னை உறுத்துகிறது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நான்காவது ஒருவரையும் சேர்த்தார். அந்த நான்காமவர், மருந்தைப் பிழை நேராமல் செய்து தருபவர் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அந்த நான்காவது இடந்தான் எங்கள் இடம். அந்த இடத்துக்கு எங்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம்தான் இத்தொழிலுக்கு அடிப்படை. டிப்ளமோ படிப்பவர் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் செயல்முறைப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது விதி. நான்கு ஆண்டு பட்டப்படிப்புக்கோ, 2014ஆம் ஆண்டு வகுத்த விதிகள் ஆறாம் பருவத்துக்குப் பின் நான்கு வாரங்களில் 150 மணி நேரம் என்கின்றன. அதுவும் மருந்துத் தொழிற்சாலையாக இருக்கலாம், ஆய்வகமாக இருக்கலாம், மருத்துவமனையாகவும் இருக்கலாம். அதற்கும் மேலே, அது கட்டாயம் அன்று. "விரும்பத்தக்கது" என்று தலைப்பிட்டிருக்கிறார்கள்! இருவரும் ஒரே பதிவேட்டில் மருந்தாளுநராகப் பெயர் எழுதிக் கொள்கிறார்கள். குறைந்த ஆண்டு படித்தவருக்கு மிகுந்த பயிற்சி. மிகுந்த ஆண்டு படித்தவருக்கு விருப்பம் இருந்தால் பயிற்சி. இது என்ன கணக்கு?

பிறரைக் குறை கூறுமுன் என் குறையையும் சொல்லிவிட வேண்டும். என் 150 மணி நேரத்தை எங்கள் ஊரில் உறவினர் ஒருவரின் மருந்துக் கடையில் கழித்ததாகச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். உண்மையில் நான் அங்கே இருந்தது ஆறு மாலைப் பொழுதுகள். மீதி நேரம் நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். கையெழுத்து எளிதில் கிடைத்தது. கல்லூரியில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்படிச் செய்தவன் நான் ஒருவன்தானா என்பதை என் வகுப்புத் தோழர்கள் அறிவார்கள்.

நல்ல முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2008ஆம் ஆண்டு ஃபார்ம்.டி படிப்பு வந்தது. ஐந்து ஆண்டு படிப்பு. ஆறாம் ஆண்டு முழுதும் மருத்துவமனை. அதில் ஆறு மாதம் பொது மருத்துவத்தில்; பின் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனையோடு கல்லூரிக்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் விதி செய்தார்கள். 2015ஆம் ஆண்டின் தொழில் நெறி விதிகள், நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வதை மருந்தாளுநரின் கடமை ஆக்கின. ஏட்டளவில் எல்லாம் அழகாகவே இருக்கிறது.

நடப்பு என்ன? எம்.பி.பி.எஸ். முடித்தவர் பயிற்சி ஆண்டில் உதவித்தொகை பெறுகிறார். என் ஃபார்ம்.டி நண்பர்கள் சிலரோ ஆறாம் ஆண்டுக்கும் தாமே கட்டணம் கட்டுகிறார்கள். காலை எட்டு மணிக்கு வார்டில் நிற்கிறார்கள். மருந்து வரலாறு எழுதுகிறார்கள். ஒவ்வாமையைக் கண்டு சொல்கிறார்கள். மாலையில் விடுதி வாடகைக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். நான் ஜிபேட் தேர்வில் தேறியதால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெறுகிறேன். அவர்கள் என்னைவிடக் குறைவாக உழைக்கிறார்களா? இல்லையே!

வெளிநாட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் பதிவு பெறுமுன் ஓராண்டு பயிற்சி உண்டு. பயிற்சி பெறுபவர் ஊதியம் பெறும் ஊழியராகவே இருக்கிறார். அமெரிக்காவில் மருத்துவமனை மருந்தாளுநரின் உறைவிடப் பயிற்சிக்கு 1960களிலேயே அங்கீகார முறை வந்துவிட்டது. அங்கும் ஊதியம் உண்டு. அவர்கள் செல்வர்கள், நாம் ஏழைகள் என்று சிலர் சொல்வர். மருந்துப் பிழையின் செலவு ஏழை நாட்டை விட்டுவிடுமா? உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் இது பற்றிய உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியபோது, மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று மதிப்பிட்டது. அந்தப் பெரியவர் இரத்த அணுக்கள் குறைந்து திரும்பி வந்திருந்தால் ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள். ஒரு பயிற்சியாளரின் சில மாத உதவித்தொகை அதற்குள் அடங்கிவிடும்.

மருத்துவமனையில் இடம் எங்கே, கூட்டந்தான் பெருகும் என்று கேட்பாரும் உளர். முப்பது பேரை ஒரே வார்டில் நிறுத்தினால் கூட்டந்தான். மூன்று பேருக்கு ஒரு மூத்த மருந்தாளுநர் என்று பிரித்து, இத்தனை நோயாளிக்கு நீ பொறுப்பு என்று சொல்லிவிட்டால், அவர்கள் கூட்டம் அல்லர், துணை. அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து கட்டித் தரும் பணியிடங்கள் மட்டும் போதா. வார்டில் பணி செய்யும் மருந்தாளுநர் பணியிடங்களும் வேண்டும். கற்பிக்க ஆளில்லாத இடத்தில் பயிற்சி என்பது வெறும் வருகைப் பதிவேடு.

ஆகவே என் கருத்து இது. பட்டப்படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். "விரும்பத்தக்கது" என்ற சொல் நீங்க வேண்டும். பயிற்சி ஆண்டில் உழைப்பவர்க்கு உதவித்தொகை வேண்டும். கடைக்காரர் கையெழுத்தோடு நில்லாமல், பயிற்சி நடந்ததா என்று கல்லூரி நேரில் சென்று பார்க்க வேண்டும்.

இவை பிறர் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பிழைக்கவும் படிக்கவும் நாம் வந்த ஊர் இது. இங்குள்ள நோயாளியின் மொழி கன்னடம். ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வரும் நம்மவர்க்குத் தமிழ் வேண்டும். மண்டியா அம்மையாருக்குக் கன்னடம் வேண்டும். மருந்தாளுநருக்கு நாக்கும் ஒரு கருவி. நம் சங்கம் ஆண்டுவிழாவுக்கு எடுத்துக்கொள்ளும் உழைப்பில் ஒரு பங்கை, சனிக்கிழமைதோறும் ஒரு கன்னட வகுப்புக்குத் தரக் கூடாதா? மருத்துவம், செவிலியம், மருந்து படிக்கும் நம் தோழர்கள் அனைவர்க்கும் அது பயன்படும். முதல் மாணவனாக நான் பெயர் கொடுக்கிறேன்.

வேறு துறை படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை அம்மாவுக்கு மருந்து வாங்கும்போது, "இதை எப்போது, எத்தனை நாள், எதற்காக?" என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் சொல்லத் தெரிந்தவர் வேண்டும் என்ற எண்ணம் நாட்டில் பிறக்கும்.

அந்த மண்டியா அம்மையார் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். தம் மாத்திரைகளைச் சரியாகத்தான் உண்கிறாரா? எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.