வாட்டு இலவசம், வழிச்செலவு யார் கணக்கு?

மன்னார் கட்டுக்கரைக் குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மருத்துவக் காப்புறுதி எடுத்த வயோதிபர்களைத் தேடிப் போனால், முதலில் அகப்படுபவர்கள் கனடா போய்வந்த அம்மம்மாக்கள்தான். பேரப்பிள்ளையைப் பார்க்க சூப்பர் விசாவில் போவதென்றால் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கு, ஒரு வருடத்துக்கு, மருத்துவக் காப்புறுதி கட்டாயம். மகன் அங்கேயே காசைக் கட்டிப் பத்திரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். அம்மம்மா முருங்கனில் வந்து இறங்கியதும் கதை மாறிவிடும். ரொறன்ரோவில் வழுக்கி விழுந்தால் காப்புறுதிக் கம்பனி, நானாட்டானில் விழுந்தால் பக்கத்து வீட்டு ஓட்டோ.

இதை முழுக்கக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை. அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் வாங்குவதை 1951இலேயே நிறுத்திய நாடு இது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் படுக்கைக்கும் வைத்தியருக்கும் சத்திரசிகிச்சைக்கும் யாரும் பில் நீட்டுவதில்லை. 2018 முதல் வடக்கில் ஓடும் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிக்கும் காசில்லை. ஆகவே, "அப்பாவுக்கு அறுபத்தேழு, மலிவா ஏதும் காப்புறுதி இருக்கா?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தச் செலவுக்கு?

சும்மா கேட்கிற கேள்வி இல்லை. இங்கே காசு கரைகிற இடம் வாட்டுக்கு வெளியே இருக்கிறது. மன்னாரில் பார்க்க முடியாத வருத்தமென்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றிவிடுவார்கள். புற்றுநோயென்றால் தெல்லிப்பளை, இல்லாவிட்டால் மகரகம. போகும்போது ஆஸ்பத்திரி வண்டி கொண்டுபோய்விடும். துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டபிறகு திரும்பி வருவது எப்படி? இடுப்பில் பிளேட் வைத்த ஆளை பஸ்ஸில் ஏற்ற முடியாது, வான் பிடிக்க வேண்டும். கூட நிற்கிற ஆளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அந்த ஆள் கூலிக்குப் போகிறவரென்றால் அத்தனை நாள் கூலியும் போச்சு. ஸ்கானுக்கு வரிசை நீளம், வெளியில் எடுத்து வாருங்கள் என்பார்கள். மருந்து இருப்பில் இல்லையென்றால் சின்னத் துண்டில் எழுதித் தருவார்கள். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது அந்தத் துண்டு எவ்வளவு பாரமானதென்று வீட்டில் நோயாளியை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாட்டில் அது இன்னொரு தடவையும் நடக்கலாம்.

இப்போது முகவர் கொண்டுவரும் வழவழப்பான துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். பத்து இலட்சம், இருபது இலட்சம், தனி அறை, சத்திரசிகிச்சை நிபுணர் கட்டணம். எல்லாம் கொழும்பின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்து எழுதியவை. நம் ஆட்கள் அங்கே போய்ப் படுப்பது எத்தனை தரம்? போகாத ஆஸ்பத்திரிக்கு ஏன் காசு கட்ட வேண்டும்? நாம் தேட வேண்டிய வரி, பிரசுரத்தின் கீழ்ப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்: ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று கையில் தரும் படி. அரச வைத்தியசாலை வாட்டில் கிடந்தாலும் அது கிடைக்குமா, எத்தனை நாளுக்குப் பிறகு தொடங்கும், வருடத்துக்கு எத்தனை நாள் வரை என்று கேளுங்கள். வான் கூலியையும் கூட நிற்பவரின் சாப்பாட்டையும் அடைப்பது அந்தக் காசுதான். அதற்குரிய கட்டணமும் பெரிய அட்டவணைகளைவிடக் குறைவாகவே இருக்கும்.

வயது அடுத்த முட்டுக்கட்டை. இலங்கையில் மருத்துவக் காப்பு பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய இணைப்பாகவே விற்கப்படுகிறது. அறுபது, அறுபத்தைந்து தாண்டியவரைப் புதிதாகச் சேர்க்கும் கம்பனி குறைவு. சேர்ந்திருந்தவருக்கும் ஒரு வயதோடு காப்பு முடிந்துவிடும். அதுவரை ஒழுங்காகக் கட்டியவருக்கு, உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கும் வயதில், "உங்கள் காலம் முடிந்தது" என்று கடிதம் வரும். எந்த வயதில் சேரலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வயதில் கழற்றிவிடுவீர்கள் என்று கேட்பவரை நான் கண்டதில்லை.

நோய் நிர்ணய அட்டையின் கதை இதைவிடக் கசப்பு. வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் தருகிற அந்த அட்டையை நம் ஆட்கள் கிளினிக் கொப்பியோடு பொலித்தீன் பைக்குள் சுற்றி, காணி உறுதிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். மேல் மூலையில் வைத்தியர் கிறுக்கிய இரண்டு எழுத்து: டி.எம். பக்கத்தில் எட்டு வருடம் என்று ஒரு இலக்கம். நீரிழிவு எட்டு வருடமாக உண்டு என்பது அதன் பொருள். காப்புறுதி எடுத்ததோ மூன்று வருடத்துக்கு முன். எனக்கு உறவான ஒரு மாமா கால் புண்ணோடு மூன்று கிழமை வாட்டில் கிடந்துவிட்டு அந்த அட்டையை அனுப்பினார். மறுப்புக் கடிதம் இரண்டு பந்தியில் வந்தது. விண்ணப்பத்தில் சீனி வருத்தம் இல்லையென்று எழுதியிருந்ததாம். எழுதியது மாமா இல்லை. "மாத்திரையில கட்டுப்பாட்டிலதானே இருக்கு, அதைப் போட்டா காசு கூடும் ஐயா" என்று முகவர் தம்பி நிரப்பியது. கையெழுத்து மட்டும் மாமாவுடையது, சட்டத்தின் முன் அது போதும்.

ஆகவே வருத்தம் இருந்தால் எழுதிவிடுங்கள். அந்த வருத்தத்துக்கு மட்டும் காப்பு இல்லை என்பார்கள், அல்லது காத்திருப்புக் காலம் போடுவார்கள், கட்டணம் கூடும். அதையெல்லாம் கேட்டபிறகும் லாபமா என்று கணக்குப் பாருங்கள். பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். கைக்கு வந்தபின் வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தவணை என்றும் கேளுங்கள். கிளெயிம் மறுக்கப்பட்டால் முகவரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு. அதற்குப் பதில் சரியில்லையென்றால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழு இருக்கிறது.

கட்டும் முறையிலும் ஒரு பொறி. பிரசுரங்கள் எல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு எழுதியவை. கட்டுக்கரை வயலை நம்பியவருக்குக் காசு வருவது காலபோக அறுவடையில். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் மிஞ்சிய தண்ணீரையும் கமக்காரர் கூட்டத்தின் முடிவையும் பொறுத்தது. மாதாமாதம் கட்டுகிறேன் என்று தொடங்கி, ஐப்பசியில் விதைப்புச் செலவோடு நின்றுபோய், காப்பு காலாவதியாகி, அது தெரியாமலே மார்கழியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. எடுப்பதென்றால் வருடத்துக்கு ஒரே தடவை, நெல் விற்ற கையோடு கட்டும்படி எடுங்கள். கடலுக்குப் போகும் வங்காலை, பேசாலை ஆட்களுக்கும் இதே யோசனைதான், மாதம் மட்டும் வேறாகும்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன், ஏற்கெனவே உரித்தானதைப் பாருங்கள். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. ஓய்வூதியருக்கும் அதில் வழியுண்டு, அரச வாட்டில் தங்கிய நாட்களுக்கும் காசு தருகிறது. வீட்டில் கலியாணம் கட்டாத ரீச்சர் மகள் இருந்தால், வயது எல்லைக்குள் பெற்றோருக்கும் அதில் இடமுண்டு. இதைத் தெரியாமல் வெளியில் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளுக்கு வருமானம் குறைந்தவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். எழுபது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கியது. கமக்காரர் ஓய்வூதியச் சட்டம் 1987இலும், கடற்றொழிலாளருக்கானது 1990இலும் வந்தவை. அவற்றில் இயலாமைக்கும் இறப்புக்கும் ஏதோ உண்டு, ஆஸ்பத்திரிக்கு இல்லை. வெள்ளாமையை விளைவிக்கிற கிழவனின் நெஞ்சுவலியை அந்த ஓய்வூதியம் கணக்கில் எடுக்கவில்லை.

தலைமன்னாருக்கு எதிர்க்கரையில், இந்தியாவில், காப்புறுதிக்குச் சேரும் வயது எல்லை 65 என்றிருந்ததை 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஒக்ரோபரில், எழுபது தாண்டிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபாய் வரை காப்பு என்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரித்தார்கள். அங்கே அதிலும் ஆயிரம் சிக்கல் இருக்கலாம். ஆனால் வயதானவரை வெளியே நிறுத்துவது இயற்கை நியதி அல்ல, அரசு நினைத்தால் மாற்றலாம் என்பதற்கு அது சாட்சி.

என் கணக்கைக் கேட்டால்: ஐம்பதுகளில் இருப்பவர், உடம்பு இன்னும் சரியாக இருக்கும்போதே, நாட்படி தரும் சின்னக் காப்பொன்றை எடுத்து வைக்கட்டும். அறுபத்தைந்து தாண்டி, சீனியும் பிரஷரும் கிளினிக் கொப்பியில் ஏறிவிட்டவருக்கு வெளியில் வாங்குவது அநேகமாக நட்டம். மாதம் 4,000 ரூபா பிரீமியம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஐந்து வருடம் தனி வங்கிப் புத்தகத்தில் போட்டால் வட்டி இல்லாமலே 240,000 ரூபா. யாரும் அட்டையில் டி.எம். தேடமாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் கொழும்புக் கம்பனிக்கு அனுப்பும் காசையும் அதிலேயே போடலாம், ஆனால் அந்தப் புத்தகத்தைச் சடங்கு வீட்டுக்குத் திறக்கக்கூடாது.

தனியாளாகப் போனால் கம்பனி வயதைப் பார்க்கும். நூறு குடும்பம் சேர்ந்து போனால் பேரம் பேச இடமிருக்கிறது. மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் தவறாமல் கட்டுகிற ஊர்கள் இவை. செத்தபிறகு பெட்டிக்கும் பந்தலுக்கும் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு உயிரோடு யாழ்ப்பாணம் கொண்டுபோய் வரும் வான் கூலிக்குச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. கமக்காரர் அமைப்புத் தலைவர்களிடம் கேட்கிறேன்: அடுத்த சிறுபோகக் கூட்டத்தில், ஏக்கர் கணக்கு முடிந்ததும், இதையும் ஒரு விடயமாக எடுங்கள்.