‘கருவுற்ற’ என்னும் பெயரெச்சம்

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் எழுதப்படும் முதுநிலை ஆய்வேடுகளின் தலைப்புகளைப் புரட்டினால் ஒரு வாய்ப்பாடு கண்ணில் படும்: ‘இன்ன மருத்துவமனையில் இத்தனை ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளிடையே நரம்புக்குழாய்க் குறைபாடுகளின் பரவல்’. மருத்துவமனையின் பெயர் மாறும், ஆண்டுகள் மாறும். முடிவுரை மட்டும் மாறுவதில்லை. ஃபோலிக் அமிலம் குறித்துப் பெண்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும் என்ற வாக்கியத்தோடு ஆய்வேடு முடிந்து அலமாரிக்குப் போய்விடும். இந்த வாய்ப்பாட்டின்மீதுதான் எனக்கு வழக்கு.

துறைக்கு வெளியே இருப்போருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் திசு முதலில் ஒரு தகடாக இருந்து, பின் மடிந்து குழாயாக மூடிக்கொள்கிறது. கரு உருவான 28 நாள்களுக்குள் இது முடிந்துவிடும். குழாயின் கீழ்ப்பகுதி மூடாமல் போனால் ஸ்பைனா பிஃபிடா. மேல்பகுதி மூடாவிட்டால் குழந்தை பிழைப்பதே இல்லை. ஸ்பைனா பிஃபிடாவுடன் பிறக்கும் குழந்தைகளுக்குக் கால்களில் வலுவின்மை, சிறுநீர் மற்றும் மலக் கட்டுப்பாட்டுச் சிக்கல்கள், பலருக்கு மூளையில் நீர் தேங்குதல் ஆகியவை வாழ்நாள் முழுதும் உடன்வரும்.

எத்தனை குழந்தைகள்? 2013-இல் வெளியான ஒரு முறைசார் மீளாய்வு, இந்தியாவில் 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 4.5 என்று கணித்தது. 2015-இல் வேறொரு குழு தனியே கணித்து ஏறத்தாழ 4.1 என்றது. மருத்துவமனைத் தரவுகளில் மிகைக்கு இடமுண்டு என்று வாதிடலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது பெரிய எண்தான். எண்ணிக்கை கிடைத்துப் பத்தாண்டு கடந்த பின்னும் நாம் எண்ணிக்கொண்டிருப்பது ஏன்? எண்ணுவது எளிது என்பதாலும், எண்ணுவதால் எவரும் சினம் கொள்ளமாட்டார்கள் என்பதாலும் என்றே நினைக்கிறேன்.

தடுக்கும் வழி தெரியாமலா இருக்கிறோம்? ஃபோலேட்டின் கதையே நம் மண்ணில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் தோன்றிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அதைத் தீர்க்கிறது என்று 1931-இல் எழுதினார். குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்திலும் அவர் பணியாற்றியிருக்கிறார். அந்தப் பொருளே பின்னாளில் ஃபோலேட் என்று அறியப்பட்டது. 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில், 33 மையங்களில், 1,817 பெண்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒருமுறை இக்குறைபாட்டுடன் குழந்தை பெற்றவர்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அது மீண்டும் நிகழ்வது 72 விழுக்காடு குறைகிறது. அந்த முடிவுகளுக்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மையச் சோதனையும் பாதியில் நிறுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அது அச்சேறியபோது, மருந்து பெற்றோரில் ஏறக்குறைய 3 விழுக்காடு, பெறாதோரில் ஏறக்குறைய 7 விழுக்காடு என்ற அளவில் அதன் திசையும் அதுவாகவே இருந்தது.

ஆக, விடை கையில் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அந்த விடையை நாம் என்ன செய்தோம்?

இங்கே என் துறையிலிருந்து ஒரு சொல். நம் தாய்சேய் நலத் திட்டங்கள் அனைத்தும் ஒரே ஒரு முன்னிலையை நோக்கிப் பேசுகின்றன: ‘கருவுற்ற தாய்மார்களே’. ‘கருவுற்ற’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். செயல் முடிந்த பிறகே அந்தச் சொல் ஒரு பெண்ணைத் தொடும். கரு உருவான 28-ஆம் நாள் என்பது கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் ஆறாவது வாரம். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். நம் நாட்டில் 12 வாரத்துக்குள் பெயர் பதிந்தாலே அது ‘முன்கூட்டிய பதிவு’. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் 70 விழுக்காட்டினர். நல்ல முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் அந்த 70 விழுக்காட்டினரிலும் பதினோராவது வாரத்தில் வந்து மாத்திரை வாங்கிச் செல்லும் பெண்ணுக்கு, நரம்புக்குழாயைப் பொறுத்தவரை, அந்த மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாகக் கிடைத்த கடிதம். இரத்தசோகைக்கு அது பயன்படும். அதை யாரும் மறுக்கவில்லை.

மாத்திரை தேவைப்படும் பெண்ணுக்கு நிர்வாகத்தின் மொழியில் பெயரே கிடையாது. அவள் கர்ப்பிணி அல்லள், தாயும் அல்லள், பலவேளை தான் கருவுறப்போவதை அவளே அறியாள். பெயரில்லாதவளைத் திட்டம் எப்படிக் கூப்பிடும்?

‘இல்லை, இனப்பெருக்க வயதுப் பெண்களுக்கு வாராந்திர மாத்திரை உண்டே’ என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்டு. 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் அவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை. அதில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இதே நோக்கமுள்ள வாராந்திர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்த அளவு 2,800 மைக்ரோகிராம். நம்முடையது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாத்திரை கைக்கு வந்து சேருகிறதா, வந்தாலும் விழுங்கப்படுகிறதா என்பவை அடுத்த கேள்விகள். விழுங்கினாலும் போதாது என்பது முதல் கேள்வி.

அடுத்து, பெரிதும் பேசப்பட்ட செறிவூட்டப்பட்ட அரிசி. 2021 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டது. 2028 வரை நீட்டிக்க 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலைப்படி ஒரு கிலோ அரிசியில் 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். அது முழுதும் அரிசியாகவே இருந்தாலும் நாளொன்றுக்கு 12 முதல் 21 மைக்ரோகிராம். கழுவுவதிலும் வடிப்பதிலும் போவதை நான் கழிக்கவில்லை. கருவுறுவதற்கு முன் பெண்ணுக்குத் தேவை என்று உலகெங்கும் சொல்லப்படுவது நாள்தோறும் 400. அமெரிக்கா 1998 முதல் ஒரு கிலோ மாவில் 1,400 மைக்ரோகிராம் சேர்க்கிறது. அங்கு அதனால் ஆண்டுதோறும் சுமார் 1,300 குழந்தைகள் இக்குறைபாடின்றிப் பிறப்பதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. நம் அரிசியின் அளவு நரம்புக்குழாயை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெயர்ப்பட்டியலில் ‘ஃபோலிக் அமிலம்’ என்று இருப்பதால், அந்தக் கடமை முடிந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி மட்டும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. (வகுத்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். செய்தவர்கள் எத்தனை பேர்?)

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றுள் இரண்டு மதிக்கத்தக்கவை. பி12 குறைபாடு மிகுந்த நம் நாட்டில் ஃபோலிக் அமிலம் மட்டும் கூடினால், இரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் கவனிக்கப்படாமல் போகலாம் என்பது ஒன்று. இரும்புச்சத்தை எல்லோருக்கும் கட்டாயமாக ஊட்டுவது தலசீமியா போன்ற நிலையினருக்கு ஏற்றதன்று என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை, பி12-ஐயும் உரிய அளவில் சேர்ப்பதும் தொடர்ந்து அளப்பதும். இரண்டாவது இரும்பைப் பற்றியது. ஃபோலிக் அமிலத்தைப் பற்றியதன்று. இரண்டையும் ஒரே அரிசிமணியில் கட்டிவைத்ததால், இரும்பு குறித்த நியாயமான சண்டையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்து அடிபடுகிறது. பிரித்துவிட வழியுண்டு. தென்னிந்தியாவில் நான்கு சிற்றூர்களில் அயோடின் உப்போடு ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. நான்கே மாதத்தில் பெண்களின் இரத்த ஃபோலேட் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அது 83 பெண்களைக் கொண்ட ஆய்வு, உண்மை. பெரிதாகச் செய்து பார்ப்பதற்குத்தானே ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன?

மதிக்கத்தகாத எதிர்வாதம் ‘விழிப்புணர்வு’. இந்தச் சொல் ஓர் அறிவியல் பரிந்துரை போல ஒலிக்கும். செய்வதெல்லாம் பொறுப்பை இடம்மாற்றுவதுதான். முன்கழுத்துக் கழலையைத் தடுக்க நாம் ஒவ்வொரு வீட்டிலும் தைராய்டு பற்றி வகுப்பு எடுக்கவில்லை; உப்பில் அயோடினைச் சேர்த்தோம். இங்கு மட்டும், குழந்தை பிறந்தபின், ‘கருவுறுவதற்கு முன்பே மாத்திரை எடுத்தீர்களா?’ என்று தாயைக் கேட்கிறோம். அரசின் அளவுப்பிழை அவளது அறியாமையாக நோயாளர் குறிப்பேட்டில் பதிவாகிறது. சோதனை நடத்திய பிரிட்டனே மாவில் சேர்க்கச் சட்டவிதி இயற்ற 2024 வரை இழுத்தடித்தது என்பதைச் சிலர் நமக்குச் சமாதானமாகச் சொல்வார்கள். அது அவர்களுக்கான அவமானம். நமக்கான விலக்கு அன்று.

தடுப்பைப் பற்றி மட்டுமே பேசினால், பிறந்துவிட்ட குழந்தை ஏதோ ஒரு தோல்வியின் சான்று போலாகிவிடும். அப்படிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. இக்குழந்தைகள் வாழ்கிறார்கள், நன்றாக வாழ முடியும். 1972-இல் ஜாக் லேபிடஸ் முன்வைத்த எளிய வடிகுழாய் முறை சிறுநீரகங்களைக் காக்கிறது. மூளைநீரை வடிக்கும் சாப்ரா ஷன்ட் ஷாஜஹான்பூரில் செய்யப்படுகிறது, விலை குறைவு. வெளிநாட்டு ஷன்டைவிட அது தாழ்ந்ததன்று என்பதற்கு நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் 2005-ஆம் ஆண்டின் ஆய்வு 195 குழந்தைகளிடம் நடந்தது. எங்கே? உகாண்டாவில். கருவி நம்முடையது, அதற்கான சான்றை உகாண்டாவின் குழந்தைகள் தரவேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 நிலைகளில் ஸ்பைனா பிஃபிடாவுக்குத் தனிப்பெயர் இல்லை. இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் கால்களின் அளவீடாகச் சுருங்குகிறது. பள்ளிக்குப் போகாமைக்குக் காரணம் பலநேரம் கால்களல்ல, கழிவறை.

மொழியியலாளர்களாகிய நாமும் கைகழுவ முடியாது. நம்மில் பலருக்கு ஸ்பைனா பிஃபிடா அறிமுகமானது ஸ்டீவன் பிங்கரின் 1994-ஆம் ஆண்டு நூலில் வரும் டெனிஸ் வழியாகத்தான். மூளைநீர்க்கோவையும் ஸ்பைனா பிஃபிடாவும் உள்ள அந்தப் பெண், தனக்கு இல்லாத வங்கிக் கணக்கைப் பற்றி இலக்கணப் பிழையின்றிச் சரளமாகப் பேசுவாள். ரிச்சர்ட் க்ரோமர் ஆராய்ந்த நேர்வு அது. மொழி பொது அறிவிலிருந்து தனித்து இயங்கும் திறன் என்பதற்குச் சான்றாக அவள் வகுப்பறைக்குள் வருகிறாள். கோட்பாடு நிறுவப்பட்டதும் வெளியேறிவிடுகிறாள். அவளைப் போன்ற குழந்தைகள் பள்ளியில் என்ன ஆனார்கள் என்று எந்தத் தேர்வுத்தாளும் கேட்டதில்லை. மோரீன் டென்னிஸ், மார்சியா பார்ன்ஸ் போன்றோர் கேட்டார்கள். சொல்வளமும் தொடரமைப்பும் நன்றாக இருக்க, கதையில் சொல்லாமல் விடப்பட்டதை ஊகிப்பதிலும் செய்திகளை இணைத்துப் பொருள் கொள்வதிலும் இக்குழந்தைகளில் பலர் இடறுகிறார்கள் என்று காட்டினார்கள். ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் கண்டவை அவை. எழுவாயை எளிதில் விட்டுவிடும், வினையெச்சங்களை அடுக்கிக் கதைசொல்லும் தமிழிலோ தெலுங்கிலோ ஊகத்தின் சுமை எங்கே விழும்? ஊகிக்கச் சொல்லும் மொழியில் ஊகிக்கத் தடுமாறும் குழந்தையின் நிலை என்ன? இது சிறந்த ஆய்வுக் கேள்வி. வாய் ஓயாமல் பேசுவதால் ‘இவனுக்கு ஒன்றுமில்லை, படிக்கத்தான் சோம்பல்’ என்று ஆசிரியரால் முத்திரை குத்தப்படும் குழந்தைக்கு அது ஆய்வுக் கேள்வியைவிடப் பெரியது. நம் மொழியியல் துறைகளில் எத்தனை பேர் ஒரு குழந்தை நரம்பியல் பிரிவின் வாசலை மிதித்திருக்கிறோம்?

ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான நரம்புசார் வளர்ச்சிக் குறைபாட்டு ஆய்வில், ஆறு வயதுக்குட்பட்டோரிடையே பரவல் ஓரிடத்தில் 2.9 விழுக்காடாகவும் மற்றோரிடத்தில் 18.7 விழுக்காடாகவும் இருந்தது. இந்த இடைவெளிக்குள்தான் காரணங்கள் ஒளிந்திருக்கின்றன; அங்கே தோண்டுவதற்குப் பலதுறைக் குழுக்கள் வேண்டும்.

அதுவரை, அடுத்த பரவல் ஆய்வேட்டைத் தொடங்கவிருக்கும் மருத்துவ மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வினாப்படிவத்தில் ‘ஃபோலிக் அமிலம் எடுத்தீர்களா: ஆம் / இல்லை’ என்ற வரியை அடித்துவிடுங்கள். எத்தனையாவது வாரத்தில் முதல் மாத்திரை கிடைத்தது, அதில் எத்தனை மைக்ரோகிராம் இருந்தது, அதைக் கொடுத்த திட்டம் எது என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். முடிவுரையில் ‘விழிப்புணர்வு’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் அந்த அட்டவணையை வையுங்கள்.