வழங்கியின் திறவுகோல் யாரிடம்?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கணிப்பொறி இல்லாத அலுவலகம் இன்று அரிது. பள்ளி, மருந்தகம், அடகுக்கடை, பழைய வளமனைகளில் நடக்கும் விருந்தகம் என எங்கும் ஒரு மூலையில் வழங்கி உறுமிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் கடவுச்சொல் உரியவருக்குத் தெரியாது. பொருத்திக் கொடுத்துப் போன ஒருவருக்கே தெரியும். அவரும் வேறு வேலை கிடைத்து ஓசூருக்குப் போயிருப்பார். கருவூலத்தைக் கட்டித் திறவுகோலை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கணக்கில் தோய்ந்த மண்ணுக்கு இஃது இழுக்கு. நகரத்தார் பருமாவிலும் மலேயாவிலும் கடை வைத்தபோது, மேலாளைப் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றினர். போகிறவர் ஏடுகளை ஒப்படைக்க, வருகிறவர் ஒப்புக்கொண்டார். கடல் கடந்த கடையின் கணக்குப் படி செட்டிநாட்டு வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. 1942-இல் சப்பானியர் படை இரங்கூனைப் பிடித்தபோது, கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்தவர் பலர். ஊருக்கு முன்பே அனுப்பிய படிக்கு அந்தப் படையால் என்ன செய்ய இயலும்? இன்று கணிப்பொறி வல்லுநர் ‘காப்புப்படி’ என்று ஓதுவது இதைத்தான்.

கோப்புக்கு மூன்று படி வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். குறைந்தது ஒரு படியேனும் பிணையத்திலிருந்து கழற்றி வைக்கப்பட வேண்டும். 2017 மே 12-இல் ‘வன்னாக்கிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சு 14-ஆம் நாளே வெளிவந்துவிட்டது. திருத்தத்தை நிறுவாமல் இரு திங்கள் சோம்பியிருந்தவரே பெரிதும் அடிபட்டனர். திங்களுக்கு ஒருமுறை ஒரு கோப்பையேனும் படியிலிருந்து மீட்டுப் பார்ப்பதும் தேவை. ஆண்டுக்கணக்கில் வெறும் வட்டையே காத்து வந்ததைப் பழுது நேர்ந்த நாளில் அறிபவர் உண்டு.

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறுதெருவிலும் இருக்கும். அந்தத் தடித்த சுவர்களை ஊடுருவுவதற்குள் கம்பியில்லா அலை களைத்துவிடும். கம்பியே நலம். அதுவும் 100 மீட்டருக்கு மேல் நீளுமாயின் இடையில் ‘சுவிட்சு’ எனும் இணைப்புப்பெட்டி வேண்டும், அல்லது கண்ணாடி இழை வேண்டும். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்பது கூடுதல் நன்மை.

இனி மொழி. “தமிழில் கணிப்பொறியா?” என்று இளிப்பவர் இதைக் கேட்கட்டும். திரையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றுகிறது. அதன் பொருள் புரியாத பணியாள் ‘சரி’ என்று அழுத்திவிடுகிறார். கதவைத் திறந்து விட்டது அவரா, அவருக்குப் புரியாத மொழியில் எழுதி வைத்த தலைமையா? எந்தப் பொறியை எந்த ஒழுங்கில் அணைப்பது, மின் தடைப்பட்டால் மின்கலம் எத்தனை நிமையம் தாங்கும், எவரை அழைப்பது என்பனவெல்லாம் தமிழில் ஒரு குறிப்பேட்டில் இருக்க வேண்டும். மேலாண்மைக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில், இரும்புப்பெட்டியில் இருக்க வேண்டும். ஆள் மாறினால் அன்றே கடவுச்சொல்லும் மாற வேண்டும். நாள்தோறும் செய்யும் வேலைக்கு அந்த மேலாண்மைக் கணக்கைத் தொடவே கூடாது.

பெயர்ப்பட்டியலையும் கவனிக்க வேண்டும். ஒருங்குறியின் எண்வரிசைப்படியே அடுக்கினால் ‘ஜ’ என்னும் கிரந்த எழுத்து சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே வந்து குந்திக்கொள்ளும். கடைசியில் நிற்க வேண்டிய னகரம் பகரத்துக்கு முன்னே பாயும். வழங்கியில் தமிழுக்குரிய அடுக்குமுறையைத் தேர்ந்தால் இந்த அலங்கோலம் தீரும். தேர்வார்தாம் இல்லை.

பழைய எழுத்துருக்களில் தட்டிய மடல்களும் கணக்குகளும் இன்னும் பல அலுவலகங்களில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத பொறியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கல். அந்த எழுத்துருவைக் கொண்ட கடைசிக் கணிப்பொறி பழுதாகுமுன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, அந்தப் படியையும் வீட்டுக்கு ஒன்று அனுப்பி வைக்க வேண்டும்.