கணக்கு வாத்தியாருக்கு அவகாசம் கொடு!

பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்றால் பழி யார் தலையில்? உபாத்தியாயர் தலையில்! உடனே ஒரு பயிற்சி முகாம், ஒரு சான்றிதழ், காரியம் முடிந்ததாம்!

ஒன்றே முக்கால் மீட்டர் துணியில் அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை? மூன்றரை. இந்த வகுத்தலை ஆசிரியர்களிடமே கொடுத்துப் பார்த்த லிப்பிங் மா, 1999-ல் முடிவை நூலாக வெளியிட்டார். அமெரிக்கர் 23 பேரில் சரியான விடை கண்டவர் 9 பேர். அதற்கேற்ற வாழ்க்கைக் கணக்கைக் கருத்துப் பிழையின்றிச் சொன்னவர் ஒருவரே. சீனர் 72 பேரும் விடை கண்டனர். 65 பேர் வாழ்க்கைக் கணக்கும் சொன்னார்கள்.

அமெரிக்கர்கள் கல்லூரி கண்டவர்கள். சீனர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். பின் எப்படி வந்தது இந்தத் திறமை? பள்ளியிலேயே சக ஆசிரியர்களுடன் கூடிப் பாடநூலை ஆராய அவர்களுக்கு அவகாசம் இருந்தது!

இங்கே? 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கேட்பது இரண்டே ஆசிரியர். ஐந்து வகுப்பையும் மேய்ப்பவர்கள் எப்போது கூடி ஆராய்வது?

வகுப்புக்கு ஓர் ஆசிரியரை நியமி! வாரந்தோறும், வேலை நேரத்திலேயே, கூடிப் படிக்க அவகாசம் கொடு! பயிற்சி என்பது அதுதான்.