வாயில்லா ஜீவனின் வயிற்றுவலி

'லங்கனம் பரம ஔஷதம்' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வாள். வளர்ந்த நாய்க்கு அது ஓரளவு பொருந்தும். குட்டிக்கு அடியோடு பொருந்தாது. இந்த இரண்டாவது பாடத்தை நாங்கள் அதிக விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு இரண்டரை மாத வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது.

"எதையாவது தின்றிருக்கும்" என்றாள் அம்மா.

"வெயில் சூடு" என்றேன் நான்.

ஒரு வேளை பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று இருவரும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். திங்கட்கிழமை மாலை ரத்தமும் துர்நாற்றமுமாகப் பேதியான பிறகுதான் டாக்டரின் நினைவு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "தடுப்பூசி போட்டாயிற்றா?" என்பதுதான்.

"அடுத்த வாரம் போடலாமென்று..." என்று இழுத்தேன்.

டிரிப்ஸ் ஏற்றினார்கள். புதன்கிழமை விடியற்காலையில் மணி போய்விட்டது.

அந்த நோயின் பெயர் பார்வோ. 1978-ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் தலைகாட்டிய வைரஸ் இது. குடலின் உட்படலத்தை அழித்து, உடம்பின் நீரையெல்லாம் வற்றவைத்துவிடும். ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் முதல் ஊசி போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பதினாறு வாரம் வரையாவது தொடர வேண்டும். நோய் கண்ட வீட்டில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் ஜூலியை, ஊசியெல்லாம் முடிந்த பிறகே அழைத்து வந்தோம்.

ஜூலிக்கு இப்போது நான்கு வயது. அதற்கும் வயிறு கெடுவதுண்டு. வளர்ந்த நாய் ஒரே ஒரு தடவை வாந்தியெடுத்துவிட்டு, வழக்கம்போல் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தால் பதற வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் ஆகாரத்தை நிறுத்தி, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு குழைந்த சாதத்தில், மசாலா சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி இறைச்சியைப் பிசைந்து, சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். பால் வேண்டாம், பல நாய்களுக்கு அதுவே பேதியாகும்.

ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது:

வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், தார்போல் கறுத்த மலம், குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்காமை, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் பேதி, வெளுத்த ஈறு. தோளருகே தோலை மெல்லத் தூக்கிவிட்டால் அது சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்; மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். பெரிய ஜாதி நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும், நடுநிசியானாலும் கிளம்புங்கள். குட்டியாக இருந்தால், வாந்தியும் சோர்வும் சேர்ந்தாலே போதும், அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சமையலறையிலும் சில எதிரிகள் உண்டு. வெங்காயம், பூண்டு, சாக்லெட், திராட்சை, பாயசத்து உலர்ந்த திராட்சை எல்லாமே நாய்க்கு விஷம். வெந்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். நம் வீட்டு அலமாரியிலுள்ள பாரசிட்டமால் முதலிய மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

போன வாரம் ஜூலி சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போயிற்று. "வெயில் சூடாக இருக்கும்" என்று என் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் அம்மா ஈறைப் பார்த்துவிட்டு, டாக்டருக்கு டெலிபோன் செய்துகொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். அதைக் கேட்பதற்காக ஒரு டெலிபோன் செய்ததில் எங்களுக்கு நஷ்டமென்ன?