கோடு சொல்லும் சாட்சி போதுமா?

எங்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் அதிகத் தொலைவில் இல்லை. அங்கே செய்யும் பீங்கான் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அச்சில் வார்த்த பத்துப் பொம்மைகளை வரிசையாக வையுங்கள். உடல் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கையால் தீட்டிய கண்ணிலும் புருவத்திலும் வேறுபாடு தெரியும். அச்சு ஆளை மறைக்கும், தூரிகை காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால், கோட்டை மட்டும் பார்த்து வரைந்தவர் இன்னார் என்று முடிவு கட்டலாமா? கூடாது என்பதே என் கருத்து.

ஜப்பானில் 1794ஆம் ஆண்டு ஷராகு என்ற பெயரில் ஓர் ஓவியர் திடீரெனத் தோன்றினார். பத்தே மாதங்களில் 140க்கு மேற்பட்ட மர அச்சுப் படங்கள் வெளிவந்தன. பெரும்பாலானவை நாடக நடிகர்களின் உருவங்கள். பிறகு ஆளையே காணோம்! அவர் வேறு பெயரில் ஒளிந்திருந்த ஹொக்குசாய் என்றார் ஒருவர். உத்தமாரோ என்றார் இன்னொருவர். காதும் மூக்கும் வரைந்த விதத்தைச் சான்று காட்டினார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மர அச்சுக்கு ஓவியர் தாளில் வரைவார். அத்தாளைப் பலகையில் ஒட்டி வேறொருவர் செதுக்குவார். மூன்றாமவர் அச்சிடுவார். நம் கண்ணில் படுவது உளி கடந்து வந்த கோடு அல்லவா?

1844இல் எழுதிய ஒரு குறிப்பு, ஷராகு என்பவர் சைத்தோ ஜூரோபெய் என்ற 'நோ' நாடக நடிகர் என்கிறது. அப்பெயருடையவர் 1820இல் இறந்த செய்தி, 1997இல் ஒரு கோயில் பதிவேட்டில் கிடைத்தது. அறிஞர் பலர் இன்று ஏற்பது இதையே.

நம் நாட்டிலும் இதே கதைதான். இமயமலை அடிவாரத்துச் சிற்றோவியங்கள் பெரும்பாலானவற்றில் கையொப்பம் இல்லை. பேராசிரியர் பி. என். கோஸ்வாமி ஓவியங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஹரித்துவாரில் பண்டாக்கள் காத்துவரும் யாத்திரிகர் பதிவேடுகளையும் புரட்டினார். குலேர் ஓவியர் நயின்சுக் 1763இல் தம் கையால் எழுதி, படமும் வரைந்துவைத்த பக்கம் அங்கே உள்ளது. இத்தகைய பதிவுகளைக் கொண்டு ஓவியர் குடும்பங்களின் வழிமுறையை அவர் 1968இல் விளக்கினார். நயின்சுக்கும் அண்ணன் மனக்குவும் ஒரே தந்தையின் பிள்ளைகள்; ஆனால் பாணியோ வெவ்வேறு! கோட்டை மட்டும் நம்பினால் அவர்களை ஒரு வீட்டார் என்று சொல்லியிருக்க முடியுமா?

கோடு நல்ல சாட்சிதான். அது ஐயத்தை எழுப்பும். எங்கே தேடலாம் என்று வழிகாட்டும். தீர்ப்புச் சொல்ல இரண்டாவது சாட்சி வேண்டும். அதுவே அறிவியல் முறை. தவறான பெயரைச் சூட்டினால், உழைத்தவரின் உழைப்பை வேறொருவருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

அடுத்த முறை பொம்மை வாங்கும்போது, கண் தீட்டியவர் பெயரைக் கேட்டு அடியில் குறித்துவையுங்கள். நூறு ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு அதுவே இரண்டாவது சாட்சி.